முடி மாதிரி ஒரு இழை: டிஷ், கேபிள், ஆன்டெனா இணைத்தபோது நடந்தவை

மாடிவாசி:
அறை மாற்றியதால் டிஷ் ஒயரை வெட்டி, ஒயர் முனையில் திருகி மாட்டும் புது எஃப் கனெக்டர் நானே போட்டேன். "சிக்னல் இல்லை" என்றே நின்றது. டிஷ்தான் அசைந்துவிட்டது என்று நட்டைத் தளர்த்தித் திருப்ப ஆரம்பித்தேன். அப்பா கீழே டிவி முன்னால் நின்றுகொண்டு "இல்லப்பா... இன்னும் இல்ல..." என்று குரல் கொடுத்தபடியே இருந்தார். மூன்று மணி நேரம். இருட்டின பிறகு கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ஒயருக்குள் நடுக்கம்பியைச் சுற்றி இருக்கும் வலைக்கம்பியில் ஒரே ஒரு இழை, முடி மாதிரி, வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நகத்தால் விலக்கினேன். அதற்குள் சரியாக இருந்த டிஷ்ஷை நானே கலைத்துவிட்டேனே. அப்பா அன்று ராத்திரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய ஆன்டெனா:
ஒரு இழை தொட்டதற்கா மொத்தமும் போகும்? என் ஆன்டெனா ஒயரிலும் இப்படித் தொட்டிருந்தது. டவர் பக்கத்தில் என்பதால் படம் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர, அடியோடு போகவில்லை. உங்கள் பாக்ஸைச் சோதியுங்கள்.

இரண்டு பாக்ஸ்:
@பழைய ஆன்டெனா, டிஷ் அப்படி இல்லை. சிக்னல் இறங்குகிற அதே நடுக்கம்பியில்தான் பாக்ஸிலிருந்து எல்.என்.பி.க்கு (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் கருவி) 13 அல்லது 18 வோல்ட் ஏறுகிறது. இழை தொட்டு ஷார்ட் ஆனால் எல்.என்.பி.க்கு உயிரே கிடையாது. நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் நல்லதல்ல. ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டு ஒரே எல்.என்.பி.யில் இரண்டு பாக்ஸ் ஓட்டினேன். மகள் உள்ளறையில் சில சேனலுக்கு மாற்றினால் ஹாலில் எனக்குப் படம் நின்றுவிடும். "ரிமோட்டை வச்சு என்னடி பண்ற?" என்று கத்திவிட்டேன். அவள் பாக்ஸ் 18 கேட்டதும் எல்.என்.பி. கிடைமட்ட அலைக்கு மாறிவிடுகிறது. 13-இல் வரும் செங்குத்து அலைச் சேனல் எனக்கு எப்படி வரும்? இரண்டு ஒயர் மாட்டக்கூடிய இரட்டை எல்.என்.பி. மாட்டி ஆளுக்கொரு ஒயர் இழுத்தோம். அவள் முகம் வாடியது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

மழைச்சொட்டு:
எனக்கு நடந்தது சின்னது. ஆன்டெனாவைச் செருகிவிட்டு மெனுவில் "கேபிள்" என்று தேடவிட்டேன், ஒன்றும் வரவில்லை, டிவி பழுது என்று பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன். ஆனால் எல்லோரும் இதைக் கவனியுங்கள். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை டிவிக்குப் பின்னால் வைக்காதீர்கள். நீள ஒயரில் தேய்ந்து வந்ததை இரைச்சலோடு சேர்த்துத்தான் அது பெருக்கும். ஆன்டெனா கம்பத்திலேயே வையுங்கள். சிக்னல் பலமாக இருக்கிற இடத்தில் பூஸ்டரே வேண்டாம், அளவு மீறினாலும் படம் உடையும். இரண்டு வழி ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். ஒயர் 75 ஓம், ஆர்.ஜி.6 என்ற வகை வாங்குங்கள். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். டிஷ் ஒயரைக் கழற்றும் முன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்குங்கள், இதை மறக்கவே கூடாது.

மாடிவாசி:
@பழைய ஆன்டெனா, பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் டிஷ்ஷைத் திரும்பப் பிடித்தோம். அப்பா மேலே ஏறினார், நான் டிவி முன்னால் நின்று சிக்னல் சதவீதம் சொன்னேன்.