ஈரக்காற்று அடிக்கும் டர்பனில் சூழலுக்கு உகந்த வால்பேப்பர்: எந்தத் தாள், எந்த அளவு, எதைச் சொல்லி விற்பது?

கோலப்புள்ளி (சாட்ஸ்வர்த்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே வால்பேப்பர் டிசைன் செய்து விற்கிறேன், ஆள் நான் ஒருத்திதான். புள்ளிக்கோலம், சிக்குக்கோலம், அப்புறம் இங்கே வேலியோரம் பூக்கிற ஸ்ட்ரெலிட்சியா, இவற்றைக் கையால் வரைந்து கணினியில் ஏற்றி, ஆர்டர் வந்த பிறகுதான் வெளியே ஒரு அச்சகத்தில் அடித்துக் கொடுக்கிறேன். சரக்கு தேங்கிக் கடைசியில் குப்பைக்குப் போகக் கூடாது என்பதால்தான் இப்படி. பிளாஸ்டிக் பூசாத நான்வோவன் தாளில் (நெய்யாமல் இழைகளைச் சேர்த்துச் செய்த தாள்) அடிக்கிறேன், ஆனால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் "டர்பன் ஈரத்துக்கு வினைல்தான் (பி.வி.சி. பிளாஸ்டிக் பூசிய தாள்) தாங்கும், விலையும் குறைவு" என்கிறார்கள், அச்சகத்துக்காரரும் அதையேதான் சொல்கிறார். உண்மையா?

இன்னொன்று, ரோல் அளவு. வழக்கமான 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளத்தில்தான் கொடுக்கிறேன். டிசைன் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வரும். சாதாரண அறையில் ஒரு சுவருக்கே மூன்றாவது ரோல் தேவைப்படுகிறது, அதில் பெரும்பகுதி வெட்டி எறியப்படுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்கிற பொருளில் இவ்வளவு வீணானால் எப்படி?

சுவர்க்காரன் (ஃபீனிக்ஸ்):

தங்கச்சி, பெயின்ட், வால்பேப்பர் ரெண்டும் ஒட்டுகிறவன் நான். வினைல் தாங்கும் என்பது பாதி உண்மை. வெளியிலிருந்து தண்ணீர் பட்டால் தாங்கும், துடைக்கலாம், சமையலறைக்கு வேண்டுமானால் சரி. ஆனால் சுவருக்குள்ளே ஈரம் இருந்தால் அந்த வினைல் பூச்சு அதை வெளியே விடாது. ஈரம் பின்னாலேயே அடைந்து நிற்கும், பசையைத் தின்று கரும்பூஞ்சை வளரும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நான் உரித்த வினைல் தாள்களின் முன்பக்கம் புதுசு மாதிரி இருந்தது, பின்பக்கம் முழுக்கக் கருப்பு. உன்னுடைய தாள் மூச்சு விடும், அதனால் படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் அதுதான் நல்லது. பசை சுவரில் தடவினால் போதும், நனைந்தாலும் தாள் நீளாது, பிற்பாடு மாற்றும்போது காய்ந்தபடியே உரிந்து வரும், சுவரைச் சுரண்ட வேண்டியதில்லை. அந்த வசதியை வாடிக்கையாளரிடம் நீ சொல்கிறாயா தெரியாது, கட்டாயம் சொல்.

ஆனால் எந்தத் தாளும் ஈரச்சுவரைக் குணப்படுத்தாது. ஆர்டர் எடுப்பதற்கு முன்பு அவர்களையே ஒரு சோதனை செய்யச் சொல். ஒரு முழ அகலத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்று புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, முதலில் ஒழுக்கை அடைக்கட்டும். அறையைப் பார்த்த பக்கம் நின்றால் அது அறைக்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கடலைப் பார்த்த வெளிச்சுவர் என்றால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதே. புதுப் பூச்சுச் சுவர் என்றால் குறைந்தது ஒரு மாதம் காய வேண்டும்.

அச்சுமை (பைன்டவுன்):

அக்கா, அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ரோல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2.4 மீட்டர் உயரச் சுவர், மேலும் கீழும் வெட்ட 10 செ.மீ. சேர்த்தால், மேலிருந்து கீழ்வரை ஒட்டுகிற ஒரு பட்டைக்கு 2.5 மீட்டர். பக்கத்துப் பட்டையோடு டிசைன் பொருந்த வேண்டுமே, அது 64 செ.மீ. என்றால் நாலு முறை, அதாவது 2.56 மீட்டருக்கு வெட்ட வேண்டும், அப்போது ஒரு ரோலில் மூன்று பட்டைதான், 2.37 மீட்டர் துண்டு எதற்கும் உதவாமல் நிற்கும். டிசைனை 50 செ.மீ. ஆக்கினால் அதே ரோலில் நாலு பட்டை. நாலு மீட்டர் அகலச் சுவருக்கு எட்டுப் பட்டை வேண்டும். 64இல் மூன்று ரோல், 50இல் இரண்டு. தாள் சூழலுக்கு உகந்தது என்ற சான்றிதழைப் பற்றிப் பேசுவதைவிட இந்த ஒரு ரோலை மிச்சம் பிடிப்பது பெரிய காரியம் என்பது என் கருத்து.

மையையும் கேட்டுக்கொள்ளுங்கள். எகோ சால்வென்ட் என்ற பெயரில் எகோ இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம், அதுவும் கரைப்பான் மைதான், அடித்த பிறகு வாடை போக விட வேண்டும். லேடெக்ஸ் மை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, மெஷினிலேயே சூட்டில் காய்ந்துவிடும், குழந்தைகள் அறைக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஒரு சுவருக்கு வேண்டியது அத்தனையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பிற்பாடு ஒரு பட்டை மட்டும் அடித்தால் நிறம் கொஞ்சம் தள்ளிப்போகும், பக்கத்தில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும்.

கோலப்புள்ளி:

அண்ணா, தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பிளாஸ்டிக் ஷீட் சோதனை எனக்குப் புதுசு. ஆனால் தம்பி, டர்பனின் பெரியா பகுதியில் இருக்கிற பழைய வீடுகளில் கூரை மூன்று மீட்டர் இருக்குமே? அங்கே 3.1 வேண்டும். 64 என்றால் 3.2, ஒரு ரோலில் மூன்று பட்டை வருகிறது. 50 என்றால் 3.5 ஆகி இரண்டுதான் வரும். புது வீட்டில் மிச்சம் பிடித்ததைப் பழைய வீட்டில் தொலைத்துவிடுவேன் போலிருக்கிறதே.

அச்சுமை:

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. எல்லா உயரத்துக்கும் பொருந்துகிற ஒரே அளவு கிடையாது. அதனால்தான் கேட்கிறேன், ஆர்டருக்கு அடிக்கிற நீங்கள் ஏன் ரோலாகவே கொடுக்க வேண்டும்? ரோல் கணக்கு கடையில் அடுக்கி வைத்து விற்கிறவர்களுக்கானது. நீங்கள் சுவர் உயரத்தோடு 10 செ.மீ. சேர்த்து ஒவ்வொரு பட்டையையும் தனியாக அடிக்கலாம். எல்லாப் பட்டையும் டிசைனின் ஒரே இடத்தில் தொடங்கும், உயரத்தில் அந்த 10 செ.மீ. தவிர எதுவும் வீணாகாது.

அகலத்தை மட்டும் மெஷினைப் பார்த்து வையுங்கள். பல லேடெக்ஸ் மெஷின்களில் ஓடுகிற தாள் 1.37 மீட்டர் அகலம். அதில் 53 செ.மீ. பட்டை இரண்டு வைத்தால் ஓரத்தில் 31 செ.மீ. முழு நீளத்துக்கும் போய்விடும். 67 செ.மீ. வைத்தால் 3 செ.மீ.தான். உங்கள் கோலத்துக்கு இது அம்சமாக அமையும், புள்ளிக்குப் புள்ளி 6.7 செ.மீ. விட்டால் பட்டைக்குச் சரியாகப் பத்துப் புள்ளி, இணைப்பு கோட்டின் நடுவில் விழாமல் இரண்டு புள்ளிக்கு இடையில் விழும்படி வரையலாம். உங்கள் அச்சகத்தில் தாள் அகலம் என்ன என்று முதலில் கேட்டுவிட்டு வரையுங்கள்.

தராசு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

எதைச் சொல்லி விற்பது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நான்வோவன் தாளில் மரக்கூழோடு பாலியஸ்டர் இழையும் கலந்திருக்கும். ஆகவே "பிளாஸ்டிக்கே இல்லை", "நூறு சதவீதம் மக்கும்" என்று எழுதாதீர்கள், வாங்குகிறவரை ஏமாற்றுகிற விளம்பரத்தைத் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. "பி.வி.சி. பூச்சு இல்லை, தண்ணீர் அடிப்படை மை, ஆர்டருக்கு மட்டும் அச்சு" என்று எழுதினால் யார் கேட்டாலும் காட்ட முடியும், வாங்குகிறவருக்கும் அதுதான் புரியும். எஃப்.எஸ்.சி. (காடுகளைப் பொறுப்பாகப் பேணுவதற்கான சான்று முத்திரை) தாளில் அடிப்பதாலேயே அந்த முத்திரையை உங்கள் பொருளில் போட்டுவிட முடியாது, அதற்குத் தனியாகச் சான்றோ உரிமமோ வாங்க வேண்டும்.

டிசைனை யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கும். வரைந்தவருக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) தானாகவே வந்துவிடும், பதிவு தேவையில்லை. கையால் வரைந்த முதல் தாள்களைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பரம்பரைக் கோலம் யாருக்கும் சொந்தமில்லை, நீங்கள் அதை எடுத்தாண்ட விதம்தான் உங்களுடையது.

இணையத்தில் வாங்கியதை ஏழு நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் வாங்குகிறவர் கொடுத்த அளவுக்கென்று செய்த பொருளுக்கு அது பொருந்தாது. தம்பி சொன்னபடி சுவர் அளவுக்கு அடிக்கத் தொடங்கினால் நீங்கள் அந்த விலக்குக்குள் வருவீர்கள். அதைப் பணம் வாங்குவதற்கு முன்பே தெளிவாக எழுதிக் காட்டுங்கள், கூடவே அரை மீட்டர் சாம்பிளைக் காசுக்குக் கொடுத்து, ஆர்டர் வந்தால் அந்தக் காசைக் கழித்துவிடுங்கள். ஏ4 துண்டு போதாது, அதில் கோலத்தின் ஒரு வளைவுதான் தெரியும், சுவரில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.