மறு: கேஸ் சென்சிடிவ் – ‘உணர்திறன்’ வேண்டாம், ‘பார்க்கும்’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

கையேடு எழுதும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒரே வலையில் கிடக்கும் அலுவலகத்துக்கும், அங்கே உட்கார்ந்து வலைத்தளம் கட்டுபவருக்கும் நாலு நடைமுறைக் குறிப்பு எழுதப் போனார். முதல் குறிப்பிலேயே ‘கேஸ் சென்சிடிவ்’ குறுக்கே வந்து நின்றதும், அதாவது ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகக் கருதுவது, அதற்குத் தமிழில் என்ன என்று இங்கே கேட்டார். இழை அதற்குள் தூய தமிழ், கலப்புத் தமிழ் என்று வேறு பக்கம் போய்விட்டது. அதை விட்டுவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

> ‘வழக்கு உணர்திறன்’ என்று ஏற்கெனவே இருக்கிறதே. இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

இருப்பது வேறு, புழங்குவது வேறு. ‘இந்தக் கடவுச்சொல் வழக்கு உணர்திறன் உடையது’ என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? படித்தால் கடவுச்சொல் நீதிமன்றப் படியேறியது போல இருக்கிறது. இலக்கணம் படித்தவருக்கு உலக வழக்கும் செய்யுள் வழக்கும் நினைவுக்கு வரலாம். எழுத்து மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது. ‘உணர்திறன்’ என்ற பாதியும் அப்படித்தான். தோலுக்கு உணர்திறன் உண்டு, பல்லுக்கு உண்டு. கோப்புகளைப் பெயரிட்டு வட்டில் அடுக்கி வைக்கும் கோப்பு முறைமைக்கு எதற்கு?

> அப்படியானால் ‘வேற்றுமை’?

அங்கே இடம் காலியில்லை. எட்டு வேற்றுமைகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘கேஸ்’ என்று ஒரே சொல் என்பது அவர்கள் தொல்லை. நாம் அதையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டாம். மொழிக் கணிமையில் வேலை செய்பவர் ஒரே பத்தியில் இரண்டையும் எழுத நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

> அச்சுக் கோப்பவர்கள் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சிறிய எழுத்துகளை அதன் கீழும் வைத்திருந்தார்கள். ‘மேல்தட்டு எழுத்து, கீழ்த்தட்டு எழுத்து’ என்றால் வரலாறும் சேர்ந்து வரும்.

ஐயா சொல்லும் வரலாறு சரிதான். ஈய எழுத்து வைத்த மரப்பெட்டிக்குத்தான் ‘கேஸ்’ என்று பெயர். பெட்டியின் பெயர் எழுத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் தமிழில் ‘மேல்தட்டு’ என்றதும் கண்முன் வருவது பெட்டி அல்ல, மேல்தட்டு மக்கள். எழுத்துகளுக்குள் வர்க்கப் போராட்டம் வேண்டாமே.

நான் வேறு முனையிலிருந்து வருகிறேன். முதலில், சொல் எதையெல்லாம் சுமக்க வேண்டும் என்று பார்ப்போம். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு நிறுவனத்துக்கு வலைத்தளம் செய்தேன். என் விண்டோஸ் கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. லினக்ஸ் வழங்கியில் (சர்வரில்) ஏற்றியதும் முகப்பில் சின்னத்தைக் காணோம். அந்த இடத்தில் உடைந்த படக்குறி. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, நிரலில் நான் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். அவ்வளவுதான் தவறு. (இதைத் தமிழ் எழுத்தில் காட்டவும் முடியாது பாருங்கள். இரண்டுமே ‘லோகோ.பிஎன்ஜி’தான்!) கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. உலாவியின் இடைமாற்று நினைவகத்தை அழித்துப் பார்த்தேன், அனுமதிகளை மாற்றிப் பார்த்தேன், வழங்கிக்காரரைக் கூடச் சந்தேகப்பட்டேன்.

நம் கண்ணுக்கு அந்த இரண்டு பெயரும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ‘ஏ’யின் எண் 65, சின்ன ‘ஏ’யின் எண் 97. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை பெயரை எழுத்தாகப் படிப்பதில்லை. வெறும் எண் வரிசையாக வைத்து ஒப்பிடுகிறது. 65 என்பது 97 இல்லை, கதை முடிந்தது.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ், மேக்கின் ஏபிஎஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் இரண்டும் இயல்பாக நடந்துகொள்வது வேறு விதம். நீங்கள் எப்படித் தட்டினீர்களோ அப்படியே பெயரை எழுதி வைத்துக்கொள்ளும். தேடும்போது மட்டும் பெரிதா சிறிதா என்று பொருட்படுத்தாது. பழைய டாஸ் காலத்து எட்டெழுத்துப் பெயர்கள் இன்னொரு விதம்: எப்படித் தட்டினாலும் எல்லாமே பெரிய எழுத்தாகிவிடும்.

ஆக நமக்குத் தேவை ஒரு சொல் அல்ல, ஒரு குடும்பம். பார்ப்பது, பார்க்காதது, பார்க்காவிட்டாலும் உள்ளபடி வைத்துக்கொள்வது, ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது. ‘உணர்திறன்’ வைத்து இந்தக் குடும்பத்தைக் கட்டப் பாருங்கள். ‘வழக்கு உணர்திறனற்ற ஆனால் வழக்குப் பாதுகாப்புடைய’ என்று வந்து நிற்கும். கையேட்டில் அதைப் படிப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

தமிழில் இதற்கு வினை தயாராக இருக்கிறது. வித்தியாசம் பார்க்கிறான், முகம் பார்க்கிறான், நேரம் காலம் பார்க்காமல் உழைக்கிறாள். இந்தப் ‘பார்த்தல்’தான் நமக்கு வேண்டிய ‘சென்சிடிவ்’. பெயரெச்சமாக்கினால் ‘பார்க்கும்’, எதிர்மறை ‘பாராத’. உள்ளபடி வைத்துக்கொள்வதற்குப் ‘பேணும்’. வினை தீர்ந்தது.

மிச்சம் இருப்பது பெயர்ச்சொல். எதைப் பார்க்கும்? ‘எழுத்தளவு’ என்று ஒருவர் சொன்னார்; அது எழுத்துருவின் அளவோடு மோதும். ‘எழுத்துவகை’ என்றால் உயிரா மெய்யா என்று கேட்பார்கள். ‘எழுத்துநிலை’ கெடுதல் இல்லை, ஆனால் கேட்டதும் ஒன்றும் தோன்றாது. முதல் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் ‘பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி’ என்று சொல்லும். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து ‘பெருசிறு’ என்று எடுத்து, போன வாரம் இங்கேயே எழுதினேன். அதற்கு வந்த பதில்:

> வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ‘பெருசு’ வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. யாரோ தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

ஒப்புக்கொள்கிறேன். சிரித்துவிட்டு நானும் படித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டால் சரியாகிவிடுகிறது: சிறுபெரு. குறில் நெடில் என்று சின்னதை முன்னால் வைத்துச் சொல்லித்தானே பழக்கம்?

> ‘சிறுப்பெரு’ என்று வலி மிக வேண்டாமா?

வேண்டாம். சிறுமையும் பெருமையும் சமமாக நிற்கும் உம்மைத்தொகை இது. உம்மைத்தொகையில் வலி மிகாது. ‘பெயரெச்ச வேர்கள் இரண்டைத் தனியாக நிற்க வைக்கலாமா’ என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயம். முழு வடிவம் ‘சிறுபெரு எழுத்து வேறுபாடு’. ஆவணத்தில் முதல் முறை முழுதாக எழுதி, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்போது கையேட்டில் வைத்துப் பார்ப்போம்.

‘லினக்ஸ் வழங்கி சிறுபெரு பார்க்கும். விண்டோஸும் மேக்கும் இயல்பில் சிறுபெரு பாராதவை, ஆனால் சிறுபெரு பேணுபவை. ஆகவே லினக்ஸ்காரர் ஒரே அடைவில் சிறுபெருவில் மட்டும் மாறுபடும் இரண்டு கோப்புகளை வைத்தால், அந்த அடைவை விண்டோஸ் வட்டுக்கு நகலெடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.’

எனக்கு இது படிக்க முடிகிறது. லினக்ஸ் கருனியின் (அதன் மையப் பகுதியின்) மூலநிரலிலேயே, வலைப் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் இப்படிச் சில சோடிக் கோப்புகள் உண்டு. மேக்கில் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கொண்டு இறக்கியவர்கள், தொடாத கோப்பை ‘மாறியிருக்கிறது’ என்று அது காட்டுவதைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருப்பார்கள்.

இன்னொரு சோதனை, வலைப் பக்கம்: ‘ஆள்களப் பெயர் சிறுபெரு பாராது, அதற்குப் பின்னால் வரும் பாதை பார்க்கலாம். எச்டிஎம்எல் ஒட்டுப்பெயர்கள் பாராதவை, ஜாவாஸ்கிரிப்ட் மாறிகள் பார்ப்பவை. சிஎஸ்எஸ் பண்புப் பெயர்கள் பாராதவை, ஆனால் நீங்கள் வைக்கும் கிளாஸ் பெயர்கள் பார்ப்பவை.’ ஒரே பக்கத்துக்குள் இத்தனை ஏறுமாறு. இதனால்தான் எல்லாக் கோப்புக்கும் சிற்றெழுத்துப் பெயர், இடைவெளிக்குப் பதில் சிறுகோடு என்று ஒரு விதியை அலுவலகம் முழுக்கப் போட்டுவிடச் சொல்வேன். அந்த விதி வருவதற்கு முன்பே தவறாகப் பெயர் வைத்துவிட்டால், கிட்டில் முதலில் வேறொரு பெயருக்கு மாற்றி, பிறகு வேண்டிய பெயருக்கு மாற்றுங்கள். சிறுபெரு மட்டும் மாறும் பெயர்மாற்றம், பாராத கணினியில் சில நேரம் மாற்றமாகவே பதிவாகாது.

ஏற்றுவதற்கு முன் சோதிக்கவும் வழி இருக்கிறது. மேக்கில் வட்டுப் பயன்பாட்டைத் திறந்து சிறுபெரு பார்க்கும் ஏபிஎஃப்எஸ் வட்டுப் படிமம் ஒன்று செய்து, திட்டத்தை அதற்குள் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10இல் 2018 முதல் தனியொரு அடைவை மட்டும் சிறுபெரு பார்க்கச் சொல்லும் கட்டளை இருக்கிறது. அப்பாச்சி வழங்கியிலோ, தவறான சிறுபெருவை மன்னித்துச் சரியான கோப்பைக் காட்டுவதற்கென்றே ஒரு கூறு உண்டு. எழுத்துப்பிழை திருத்தும் அந்தக் கூற்றின் பெயரிலேயே ஓர் எழுத்து குறையும், வேண்டுமென்றேதான். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தவறு அப்படியே தங்கிவிடும், வழங்கியை மாற்றும் நாளில் மொத்தமாக வெளியே வரும்.

‘கேஸ் ஃபோல்டிங்’ என்பதற்குச் ‘சிற்றெழுத்தாக்கம்’ போதும் என்று வந்த யோசனையை மட்டும் மறுக்கிறேன். ஒப்பிடுவதற்காக இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குவது அது. சிற்றெழுத்தாக்குவதோடு எப்போதும் ஒத்துப்போகாது. ஜெர்மன் மொழியில் ஒரு சிற்றெழுத்தைப் பெரிதாக்கினால் வழக்கமாக இரண்டு எழுத்தாகும். துருக்கியில் புள்ளி வைத்த ‘ஐ’ வேறு, புள்ளியில்லாத ‘ஐ’ வேறு, இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய எழுத்து. ஆங்கிலம் மட்டும் மனத்தில் வைத்து நிரல் எழுதியவர்கள் துருக்கிக் கணினியில் மாட்டிக்கொள்வது இங்கேதான். ‘சிறுபெரு மடிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஒரு விலக்கு. பொதுமக்கள் பார்க்கும் திரையில் இந்தச் சொல்லே வேண்டாம். கடவுச்சொல் பெட்டிக்குக் கீழே ‘பெரிய எழுத்து, சிறிய எழுத்து கவனித்துத் தட்டவும்’ என்று எழுதினால் போதும். கலைச்சொல் தொழில்காரருக்கு.

> தமிழில் பெரிய எழுத்தே இல்லை. நமக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

இந்தக் கேள்விக்குத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். பெரிய எழுத்து இல்லை, ஆனால் அதே வலி இருக்கிறது. ‘கோப்பு’ என்று தமிழில் ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். யூனிகோடில் அந்தக் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்து, அல்லது இரட்டைக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டு குறியீடாகப் பிரித்து. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலைதான்.

1998இல் வந்த மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ், பெயரைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் எழுதி வைக்கும். 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும், தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அவை இரண்டு தனிக் கோப்புகள். பழைய மேக்கிலிருந்து பொது அடைவுக்கு ‘கோப்பு’ போய்ச் சேர்ந்து, விண்டோஸ்காரர் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்காது. கண்ணுக்கு முன்னால் இருக்கும், கிடைக்காது. கிட்டில் இதற்கென்றே, சேர்த்த வடிவத்துக்கு மாற்றித் தரும் ஓர் அமைப்பு மேக்காரர்களுக்காக இருக்கிறது.

நம் வினைகள் இங்கேயும் அப்படியே பொருந்துவதைப் பாருங்கள். லினக்ஸ் வடிவம் பார்க்கும். ஏபிஎஃப்எஸ் வடிவம் பாராது, ஆனால் பேணும். எச்எஃப்எஸ் பிளஸ் பாராது, பேணவும் பேணாது, மாற்றிவிடும். ‘உணர்திறன்’ இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

இரண்டு வடிவங்களுக்குப் பெயர்கூடப் பள்ளித் தேர்வுத் தாளிலேயே இருக்கிறது: சேர்த்து எழுதுக, பிரித்து எழுதுக. ‘சேர்த்தெழுது வடிவம்’, ‘பிரித்தெழுது வடிவம்’ என்று இதற்குத் தனி இழை தொடங்குகிறேன். புணர்ச்சி இலக்கணத்தோடு மோதும் என்று நினைப்பவர்கள் அங்கே வந்து சொல்லுங்கள்.

பி.கு.: கையேட்டு நண்பருக்கு – வரிமுடிவுக் குறி, பெயரில் முக்காற்புள்ளி வைத்தால் விண்டோஸ் மறுப்பது, இவற்றுக்கெல்லாம் புதுச்சொல் தேடி நிற்க வேண்டாம். உள்ள சொற்களை வைத்து எழுதி முடித்து அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறோம்.