தாலாட்டு கேட்டா சினிமா டூயட் வருது, ப்ராம்ப்ட் (ஏஐ-க்கு குடுக்கற குறிப்பு) எப்படி எழுதறது?

அக்கா குழந்தைக்கு அடுத்த வாரம் தொட்டில் போடுறோம், பாட்டு போடற ஏஐ-ல ஒரு தாலாட்டு பண்ணலாம்னு ‘மனசு உருகற மாதிரி அழகான தமிழ் தாலாட்டு’ன்னு போட்டேன், பத்து தடவை ஆச்சு, எல்லாத்துலயும் வயலின் கூட்டமும் ட்ரம்ஸும்தான். எங்க தப்பு பண்றேன்?

பதில் 1:
‘அழகான’னு சொன்னா அதுக்கு எதுவும் பிடிபடாது நண்பா. காதுல என்ன கேக்கணுமோ அதை எழுதுங்க, ஒரே பொம்பள குரல், நடுவயசு, 60 பிபிஎம் வேகம் (நிமிஷத்துக்கு 60 தட்டு), ஆறுக்கு எட்டு தாளம், புல்லாங்குழல் மட்டும், வீட்டுக்குள்ள பாடின மாதிரி. இதை இங்கிலீஷ்ல போட்டா எனக்கு நல்லா வருது. ‘ட்ரம்ஸ் வேண்டாம்’னு ஸ்டைல் எழுதற பெட்டில எழுதாதீங்க, சில நேரம் அந்த வார்த்தைய பிடிச்சுகிட்டு ட்ரம்ஸையே போட்டுடும், விலக்கறதுக்குன்னு தனி பெட்டி இருந்தா அங்க போடுங்க.

பதில் 2:
நான் தாலாட்டுக்கு பேர்போன நீலாம்பரின்னு ராகம் பேரு போட்டு பாத்தேன், அந்த சாயலே வரல. ஆனா வரிகள நாமளே எழுதி குடுத்தா நிறைய மாறுது. ‘ஆராரோ ஆரிரரோ’வ தனி வரியா விட்டு, மேல சதுர அடைப்புக்குள்ள கோரஸ்னு (திரும்பத் திரும்ப வர்ற பகுதி) போடுங்க. வரி சின்னதா இருக்கணும், நீளமா போனா மூச்சு விடாம ஓடிடும்.

கேட்டவர்:
போட்டேன்ங்க, மூணாவது தடவையிலயே ட்ரம்ஸ் போயிடுச்சு! ‘கண்ணே’வ மட்டும் ‘கன்னே’ங்குது, அதுக்கு என்ன பண்ண?

பதில் 2:
அந்த வரிய மட்டும் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு பாருங்க.