வேர்டில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்து அடிப்பது எப்படி?

காரைக்குடி டிடிபி:
எங்கள் ஊர்ச் செட்டியார் வீட்டுச் சாந்திக்கு (அறுபதாம் கல்யாணம் போன்ற விழா) ஒரு மலர் போட்டுக்கொண்டிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூர், மலேசியா, தமிழ் படிக்க வராது, அதனால் சுலோகங்களை ஆங்கில எழுத்தில் கேட்கிறார்கள், அதுவும் சமஸ்கிருதப் புத்தகங்களில் வருமே, ஏ தலையில் கோடு, டி அடியில் புள்ளி, அந்த முறையில். சிம்பல் பெட்டியில் தேடித்தேடிப் போட்டுக் கண் பூத்துவிட்டது. எழுத்தின் குறியீட்டு எண்ணை அடித்து ஆல்ட் எக்ஸ் அமுக்கச் சொன்னார்கள். அதில் 'கிருஷ்ண' ஒழுங்காக வருகிறது, 'கணேச' அடித்தால் வெறும் கட்டம்! பிள்ளையார்பட்டி பக்கத்தில் இருந்துகொண்டு பிள்ளையார் பேர் வரவில்லை என்றால் எப்படி? யாராவது சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகன்:
அண்ணே, எண் சரிதான், முன்னால் இருக்கும் எழுத்துதான் வம்பு. அடியில் புள்ளி வைத்த ஆங்கில 'என்' (n) எழுத்துக்கு 1ஈ47 (நடுவில் ஆங்கில ஈ). இந்த எண்களில் ஏ முதல் எஃப் வரை உள்ள ஆங்கில எழுத்துகளும் இலக்கமாகவே கணக்கு. நீங்கள் ஜி, ஏ அடித்துவிட்டு ஒட்டினாற்போல் 1ஈ47 அடிக்கிறீர்கள், வேர்டு அந்த ஏ-யையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்துவிடுகிறது, அப்படி ஓர் எழுத்தே கிடையாது, அதனால் கட்டம். கிருஷ்ணனில் கே-க்குப் பிறகு வருவதால் தப்பித்தது. எண்ணை மட்டும் தேர்வு செய்துகொண்டு ஆல்ட் எக்ஸ் அமுக்குங்கள். அதே சொல்லில் ஈ-க்குப் பின் வரும் 015பி-க்கும் (எஸ் தலையில் சாய்கோடு) இப்படியே செய்ய வேண்டும். கோடு போட்ட ஏ 0101, புள்ளி வைத்த எஸ் 1ஈ63, டி (t) 1ஈ6டி (கடைசியில் d).

கண்டனூர் பழனி:
மலர் முழுக்க எண் அடித்தால் விரல் தேய்ந்துவிடும். சிம்பல் பெட்டியில் எழுத்தைத் தேர்ந்து 'ஷார்ட்கட் கீ' அமுக்கி ஒரு விசையை ஒதுக்கிவிடுங்கள். அது ஏற்கெனவே வேறு வேலைக்கு இருந்தால் அங்கேயே காட்டும். ஆட்டோகரெக்டை நம்பாதீர்கள், அது முழுச் சொல்லைத்தான் மாற்றும், சொல்லின் நடுவே ஓரெழுத்தை மாற்றாது. மேக் என்றால் இந்தப் பாடே இல்லை: 'ஏபிசி எக்ஸ்டென்டட்' விசைப்பலகையில் ஆப்ஷன் ஏ அமுக்கிவிட்டு எழுத்தை அடித்தால் தலையில் கோடு, ஆப்ஷன் எக்ஸ் என்றால் அடியில் புள்ளி.

காரைக்குடி டிடிபி:
ஆமாம் தம்பி, தேர்வு செய்து அமுக்கினால் வருகிறது. என்னிடம் பழைய ஃபான்ட் ஒன்றும் இருக்கிறது, அதில் சாதாரண விசையிலேயே இந்த எழுத்தெல்லாம் இருக்கிறது. அதைப் போட்டால் என்ன?

தேவகோட்டை வாசகன்:
வேண்டவே வேண்டாம் அண்ணே. அது யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் சுலோகம் சம்பந்தமில்லாத குறிகளாகக் கொட்டும், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் செல்போனில் நகலெடுத்து ஒட்டினாலும் அதே கதை. ஜென்டியம் என்ற ஃபான்ட் இலவசம், எல்லாப் புள்ளி எழுத்தும் அதில் உண்டு. அச்சகத்துக்கு ஃபான்டைப் பதித்த பிடிஎஃப்பாகக் கொடுங்கள்.

கண்டனூர் பழனி:
ஒன்று விட்டுப்போனது. சுலோகம் தேவநாகரியிலோ கிரந்தத்திலோ யூனிகோடாகக் கையில் இருந்தால் அடிக்கவே வேண்டாம், அக்ஷரமுக தளத்தில் ஒட்டினால் மாற்றித் தரும். தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்து அடிப்பதென்றால், க-வுக்குப் பக்கத்தில் பொடியாக 2, 3, 4 போட்ட பதிப்பாகப் பார்த்து எடுங்கள். எண் இல்லாத பதிப்பில் ஜி எது கே எது என்று தெரியாது, அப்புறம் சாஸ்திரிகள் பிடித்துக்கொள்வார்.