புதுப்பிப்பு: சிவப்புக் கையுறை நாவல் கிடைத்துவிட்டது

உதவியவர்களுக்கு நன்றி. பிள்ளைகள் காணாமல் போவார்கள், தோட்டத்தில் ஒரு பிள்ளையின் ஒற்றைச் சிவப்புக் கையுறை மட்டும் கிடக்கும், பழி தாய் மேல் விழும், அந்த அமெரிக்க நாவல் எது என்று கேட்டிருந்தேன். மேரி ஹிக்கின்ஸ் கிளார்க்கின் ‘வேர் ஆர் தி சில்ட்ரன்?’ (1975). கதை நடக்கும் கேப் காட் என்ற ஊர்ப்பக்கத்தை வைத்துத் தேடச் சொன்ன யோசனைதான் பலித்தது. 1986-இல் படமாகவும் வந்திருக்கிறது.

எதிர்பார்க்காத விஷயம்: பிள்ளைகளைக் கடத்துபவன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறான். பெரிய வீட்டின் ஜன்னலில் டெலஸ்கோப் வைத்து அந்தத் தாயின் வீட்டையே நோட்டம் விடுகிறான். ஆள் யார் என்பதைத்தான் வெகுநேரம் மறைக்கிறார்கள். கதை பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதால் கீழே வைக்க மனம் வராது. அந்தத் தாயோ ஏற்கெனவே தன் முதல் இரண்டு பிள்ளைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு விடுதலையானவள். அப்புறம் ஊர் யாரைச் சந்தேகப்படும்?