2 அடி ரீஃப் தொட்டி (கடல் பவளம் வளர்க்கற தொட்டி), லைட்டுக்கு 8,000 ரூபாய்: எது எடுக்கலாம்?

அம்பத்தூர்_அலை
எல்லாருக்கும் வணக்கம். நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் இருக்கு, உப்புத்தண்ணிக்குப் புதுசு. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். 70 லிட்டர் வரும். செராமிக் கல் அடுக்கி சைக்கிள் (கழிவை உடைக்கற பாக்டீரியா வளர விடறது) ஓடிட்டு இருக்கு, அம்மோனியா இன்னும் பூஜ்யத்துக்கு வரல. அப்புறம் ஜோவாந்தஸ், மஷ்ரூம்னு ரெண்டு வகைப் பவளம், ஒரு ஜோடி க்ளவுன் மீன் விடணும்னு ஆசை.

லைட்டுக்கு 8,000 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல வீட்ல கேள்வி வரும். கொளத்தூர்ல ஒரு கடையில "165 வாட் ப்ளாக் பாக்ஸ் எல்ஈடி லைட் எடு தம்பி, எல்லாப் பவளமும் வளரும்"ன்னாரு. நாலு கடை தள்ளி இன்னொருத்தர், "அந்தச் சீனா டப்பாவை மட்டும் வாங்கிடாத"ன்னாரு. யார் பேச்சைக் கேக்கறது?

நீலக்கடல்
நண்பரே, வேற எதுல வேணும்னாலும் சிக்கனம் பண்ணுங்க, லைட்டுல வேண்டாம். பவளத்தோட திசுவுக்குள்ள வாழுற ஜூசாந்தெல்லே பாசி வெளிச்சத்துல சர்க்கரை தயாரிச்சுக் கொடுக்குது, பவளம் பெரும்பாலும் அதை வச்சுத்தான் பிழைக்குது. அந்தப் பாசி அதிகமா உறிஞ்சுறது 400-லிருந்து 480 நானோமீட்டர் வரைக்குமான ஊதாவும் நீலமும். மலிவு லைட்டுல "420 நானோமீட்டர்"னு பெட்டி மேல அச்சடிச்சிருப்பாங்க, உள்ள என்ன எல்ஈடி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

கொஞ்சம் பொறுத்து காசு சேர்த்து ஏஐ ப்ரைம் (அக்வா இல்யூமினேஷன் கம்பெனி எல்ஈடி லைட்) ஒண்ணு எடுங்க. ஊதா, ராயல் ப்ளூ, வெள்ளைன்னு ஒவ்வொரு நிறத்தையும் ஃபோன்லயே தனித்தனியா ஏத்தி இறக்கலாம். காலையில மெதுவா விடியும், ராத்திரி மெதுவா அடங்கும். விக்கணும்னாலும் பாதி விலைக்குக் குறையாம போகும். டப்பாவை வாங்கினா எப்படியும் ஒரு வருஷத்துல மாத்தத்தான் போறீங்க, ரெண்டு செலவு.

வடசென்னை_வாளி
தல, அவர் பட்ஜெட்டைப் படிச்சீங்களா இல்லையா? ப்ரைம் அமெரிக்காவிலயே 200 டாலருக்கு மேல. ஷிப்பிங், டூட்டி எல்லாம் கட்டி இங்க இறக்கினப்புறம் ரிப்பேர்னா எங்க தூக்கிட்டு ஓடறது?

அலை ப்ரோ, நீங்க என்ன வளர்க்கப் போறீங்கன்னு மொதல்ல பாருங்க. பாசி பயன்படுத்துற 400-லிருந்து 700 நானோமீட்டர் வெளிச்சத்தை அளக்கறதுக்குப் பேரு பார் அளவு. ஜோவாவுக்கு 50-லிருந்து 100 இருந்தா தாராளம், மஷ்ரூம் அதுக்கும் கம்மியில நல்லா விரியும். 200, 300 எல்லாம் ஆக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ் (சின்ன பாலிப் கல் பவளம்) கேக்கறது. பெட்டியில 3 வாட் எல்ஈடி 55 இருக்கு, அதத்தான் பெருக்கி 165ன்னு எழுதியிருக்கான். நெசமா இழுக்கறது 110 வாட் பக்கம். உங்க ஒண்ணேகால் அடி ஆழத்துக்கு அதை முழுசா ஏத்தினா எல்லாம் பாசியை இழந்து வெளுத்துப் போயிடும். வெள்ளைக்கான குமிழை (திருகு) 10 சதவீதம், நீலத்தோடதை 30 சதவீதம் வைங்க, அவ்ளோதான்.

கரண்ட் கணக்கும் கேட்டுக்கோங்க. முழுசா ஏத்தி ஒன்பது மணி நேரம் விட்டாலே நாளைக்கு ஒரு யூனிட், ரெண்டு மாச பில்லுல 60. இப்படி இறக்கி ஓட்டினா 20 யூனிட்டுக்குள்ள அடங்கும்.

நீலக்கடல்
30 சதவீதத்துலதான் ஓட்டணும்னா எதுக்கு அவ்வளவு பெரிய பெட்டி? ரெண்டு அடி தொட்டி மேல ஒன்றரை அடிக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதுல ரெண்டு ஃபேன் இரைச்சல் வேற. லென்ஸ் 90 டிகிரி, அதனால நடுவுல கொளுத்தும், மூலையெல்லாம் இருட்டு.

வடசென்னை_வாளி
தூக்கிக் கட்டுங்க, பரவும். கயிறு கூடவே வருது.

கோவை_சோல்டரிங்
ரெண்டு பேருமே முழு லைட்டாவே யோசிக்கறீங்க. இந்த அளவு தொட்டிக்கு வீட்லயே செஞ்சுக்கலாமுங்க. 3 வாட் ராயல் ப்ளூ ஸ்டார் எல்ஈடி எட்டு, வெள்ளை நாலு, ஒரு அலுமினிய ஹீட் சிங்க், 700 மில்லி ஆம்பியர் கான்ஸ்டன்ட் கரன்ட் ட்ரைவர் ரெண்டு, தெர்மல் பேஸ்ட். சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்துலயே இருக்கு, பட்ஜெட்ல பாதி கூட ஆகாது. நீலத்துக்கு ஒரு ட்ரைவர், வெள்ளைக்கு ஒரு ட்ரைவர், ஆளுக்கொரு டைமர். ஒவ்வொரு எல்ஈடியும் சுமார் 3.3 வோல்ட் எடுக்கும், எட்டை வரிசையா கோர்த்தா 26 வோல்ட் பக்கம் வரும். ட்ரைவர் மேல போட்டிருக்கற வோல்ட் வீச்சுக்குள்ள அது இருக்கான்னு பார்த்து வாங்கோணும். மொத்தம் 30 வாட்டுக்குள்ள முடிஞ்சுரும், ஒரு எல்ஈடி போனா அதை மட்டும் மாத்திக்கலாம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சோல்டரிங் அயர்ன் பிடிச்சுப் பழக்கமில்லைன்னா உப்புத்தண்ணி மேல இதுல இறங்காதீங்க.

அம்பத்தூர்_அலை
அக்கா, அயர்ன் பாக்ஸ்தான் பிடிச்சிருக்கேன் 😅

டி5_பெரியவர்
எல்லாரும் எல்ஈடி எல்ஈடி என்கிறீர்கள். 24 வாட் டி5 குழல் (மெல்லிய ட்யூப் லைட்) இரண்டடித் தொட்டிக்கென்றே செய்தது போல் அமையும். நான்கு குழல், நல்ல ரிஃப்ளெக்டர். நிழலே விழாமல் சீராகப் பரவும் வெளிச்சத்துக்கு இன்றும் அதற்கு ஈடில்லை.

வடசென்னை_வாளி
ஐயா, வெளிச்சம் சூப்பர்தான், மறுக்கல. ஆனா குழலை 9 மாசம், 12 மாசத்துக்கு ஒருக்கா மாத்தியாகணும். ஐரோப்பாவுல 2023 ஆகஸ்ட்லயே சாதாரண டி5-க்குக் கதவைச் சாத்திட்டான். இங்க கிடைக்கறதே பழைய சரக்கு. புதுசா வர்றவரை அதுல மாட்டி விடாதீங்க.

டி5_பெரியவர்
கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மட்டம் என்பதை அல்ல.

முத்துநகர்_ஜான்
ஒரு விசயத்தை யாரும் தொடல. கடைக்காரர் "எல்லாப் பவளமும்"னு சொன்னாராம்லா, அங்கதான் இடிக்குது. பாறை கட்டுற கல் பவளம் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல முதல் அட்டவணையில கெடக்கு. 2001-ல சேர்த்தாங்க. கூடவே கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, ஆர்கன் பைப். நம்ம கடல்ல இருந்து எடுத்ததுன்னா மூணு வருசத்துக்குக் குறையாத ஜெயில். வெளிநாட்டுச் சரக்குன்னு சொன்னா சைட்டிஸ் (அழியுற உயிரினங்களோட சர்வதேச வணிக ஒப்பந்தம்) காகிதத்தைக் கையில வாங்கிப் பாக்கணும். "பில் இருக்குப்பா"ன்னு சொல்றதெல்லாம் காகிதமாகாது. டார்ச், ஹேமர், ஆக்ரோன்னு விக்கிற பவளம் எல்லாம் இந்தக் கணக்குலதான் வரும்.

ஜோவாவும் மஷ்ரூமும் கல் பவளம் இல்ல. அதுக்குக் கேக்குற வெளிச்சமும் கம்மி. ஆக்ரோவுக்கு ஆகும்னு சொல்லி 300 பார் லைட்டை ஒரு புது ஆள் தலையில கட்டுறது எதுக்கு?

நீலக்கடல்
ஜான் அண்ணன் சொன்ன சட்டம் சரி. ஆனா கல் பவளமே வேண்டாம்னு வச்சாலும் நிறம்னு ஒண்ணு இருக்கே? வெள்ளை லைட்டுல ஜோவா பழுப்பா, செத்த மாதிரி தெரியும். ராயல் ப்ளூவைப் போட்டா அதுல இருக்கிற ஒளிரும் புரதம் பச்சையும் ஆரஞ்சுமா எரியும். பத்து மீட்டர் ஆழத்துல சிவப்பு கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, நீலம்தான் அங்க போய்ச் சேருது. இயற்கையே அப்படித்தான்.

கோவை_சோல்டரிங்
கண்ணுக்கு அழகா இருக்கறது வேற, பவளம் வளர்றது வேறங்க. எல்ஈடி வர்றதுக்கு முந்தி மெட்டல் ஹாலைடு காலத்துல வேகமா வளரணும்னா இவாசாக்கி 6500 கெல்வின் பல்புதான் போடுவாங்க. மஞ்சக்கலரா அசிங்கமா இருக்கும், ஆனா பவளம் கிடுகிடுன்னு வளரும். கடல்ல முழங்கால் தண்ணியில இருக்கற பவளம் முழு வெயிலையும்தானே வாங்குது? வெள்ளை எல்ஈடியே உள்ள ஒரு நீல சிப் மேல பாஸ்பர் பூசினதுதான், 450 பக்கம் அதுலயும் நல்லாவே இருக்கு.

நீலம் வேண்டாம்னு சொல்லலீங்க. நானும் எட்டுக்கு நாலுன்னுதான் சொன்னேன். அது பார்க்கறதுக்காக. நீலமில்லாட்டி பவளம் செத்துரும்னு புது ஆளை மிரட்டாதீங்க.

நீலக்கடல்
மிரட்டல. வெள்ளையை ஏத்தினா கல்லு மேல பச்சைப் பாசி கம்பளம் மாதிரி படியும், அதைச் சுரண்டப் போறது அவர்தான். நீங்க இல்ல, நானும் இல்ல.

கோவை_சோல்டரிங்
பாசிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேணுமுங்க. தண்ணி மாத்தாம நீலத்துல ஓட்டினாலும் வரும்.

அம்பத்தூர்_அலை
இங்க எல்லாரும் பார் அளவு சொல்றீங்க. மீட்டர் விலை பார்த்தேன், தொட்டி, கல், மோட்டார் எல்லாத்தையும் விட அதிகம். ஃபோன்ல ஒரு லக்ஸ் ஆப் போட்டேன். நண்பர் தொட்டியில ராயல் ப்ளூ லைட்டுக்குக் கீழ வெறும் 1,000 லக்ஸ் காட்டுச்சு, என் வீட்டுப் பால்கனி நிழல்ல அதை விட அதிகம். அப்ப அந்த லைட்டு வேஸ்ட்டா?

கோவை_சோல்டரிங்
இல்லவே இல்லீங்க, இதுலதான் நிறைய பேர் சறுக்கறாங்க. லக்ஸ்ங்கறது மனுசக் கண்ணோட கணக்கு. நம்ம கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் உச்சம். அங்க 100 மார்க்குன்னா 450 நானோமீட்டர் ராயல் ப்ளூவுக்கு நாலே மார்க்குத்தான். பாசிக்கு அந்த ஓரவஞ்சனையெல்லாம் இல்லை. அதே 1,000 லக்ஸ் வெயில்ல 20-க்கும் குறைஞ்ச பார் அளவு, சுத்தமான ராயல் ப்ளூவுல 100-ஐத் தாண்டிப் போகும். ஃபோன் சென்சாரும் நீலத்துல ஒழுங்கா அளக்காது. ஒரே லைட்டுக்குக் கீழ எந்த இடம் பிரகாசம், எந்த இடம் மங்கல்னு ஒப்பிட மட்டும் அந்த ஆப்பை வச்சுக்கோங்க.

வடசென்னை_வாளி
மீட்டரே வேணாம் ப்ரோ, ஜோவாவே சொல்லும். வெளிச்சம் பத்தலன்னா தண்டு நீட்டி மேல எட்டிப் பார்க்கும். ஜாஸ்தின்னா மூடிக்கும், நிறம் வெளிறும். மஷ்ரூம் கம்மியில தட்டு மாதிரி விரிஞ்சு கிடக்கும், ஜாஸ்தியானா சுருங்கி ஓரம் மேல மடங்கும். 20 சதவீதத்துல ஆரம்பிங்க, வாரத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்துங்க. பவளத்தை மொதல்ல மணல் மேல வைங்க, பிறகு கல்லுக்கு ஏத்தலாம். கம்மி வெளிச்சத்துல பவளம் மெதுவாத்தான் வாடும். ஜாஸ்தியில ரெண்டு மூணு நாள்லயே கதை முடிஞ்சிடும்.

முத்துநகர்_ஜான்
அதுக்கு மேல வெயில் காலத்தையும் கணக்குல வைங்க. பாசி வெளிச்சத்தை மட்டும் பாத்து வெளியேறுறது இல்ல, சூடும் சேந்துதான் விரட்டுது. மன்னார் வளைகுடாவுல 2010-லயும் 2016-லயும் பெரிய வெளுப்பு வந்தது கோடையிலதான், தண்ணி 30 டிகிரியைத் தாண்டினப்ப. அம்பத்தூர்ல மே மாசம் ஏசி இல்லாத அறைன்னா தொட்டி 31, 32-க்குப் போவும். ஜனவரியில தாங்குன அதே வெளிச்சம் மே மாசத்துல தாங்காது. கோடையில லைட்டை ஒரு பத்து சதவீதம் இறக்கி, நேரத்தையும் ஏழு மணியாக்குங்க. மதியம் அணைச்சு வச்சுட்டு சாயங்காலம் போட்டாலும் சரி.

அந்த 8,000-ல ஒரு பங்கு ஃபேனுக்கு எடுத்து வைங்க. தண்ணி மேல காத்து அடிச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஆவியாப் போற தண்ணிக்கு ஆர்ஓ தண்ணியைத்தான் ஊத்தணும், உப்புத்தண்ணியை ஊத்திராதீங்க.

நீலக்கடல்
ஃபேன் விஷயத்துல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா இப்படி மாசா மாசம் வெளிச்சத்தை ஏத்தி இறக்கணும்னா அதுக்குத்தான் நல்ல கன்ட்ரோலர் வேணும்னு சொல்றேன். ரெண்டு குமிழைத் திருகி 27 சதவீதம்னு எப்படி வைப்பீங்க? அதுல அளவுக்கோடே இல்ல.

வடசென்னை_வாளி
மார்க்கர் எடுத்துக் கோடு போடுவேன்.

மட்டுறுத்துநர்
விலை, சட்டம், வெளிச்சம் தாண்டி ஆளைப் பற்றிய பேச்சு வேண்டாம். ஒரு குறிப்பிட்ட கடையைத் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

அம்பத்தூர்_அலை
முடிவு பண்ணிட்டேன். நீலக்கடல் சார் கோவிக்கக் கூடாது, ப்ரைம் இப்போதைக்கு எட்டாது. தெரிஞ்சவர் ஒருத்தர் ப்ளாக் பாக்ஸ் 5,500-க்குத் தர்றார், ஒரு வருஷம் ஓடினது. மீதியில ஃபேன், டைமர். ரெண்டு சந்தேகம். பழைய பெட்டியில என்ன பார்க்கணும்? லென்ஸைக் கழட்டலாமா?

நீலக்கடல்
கோபமெல்லாம் இல்ல. ஓடின பெட்டின்னா எல்லா எல்ஈடியும் எரியுதான்னு பாருங்க. சில பெட்டியில ஒரு வரிசையே அணைஞ்சிருக்கும், பிரகாசத்துல தெரியாது. குமிழைக் குறைச்சு வச்சு, கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தா மாட்டிக்கும். 5,500 கொஞ்சம் அதிகம், 4,500-க்குக் கேளுங்க.

கோவை_சோல்டரிங்
பின்பக்க மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. ட்ரைவர் மேல வெள்ளையா உப்புப் பொரிஞ்சிருந்தா, பச்சைக் களிம்பு இருந்தா வேண்டாமுங்க. எர்த் ஒயர் நிஜமாவே உடம்புல முறுக்கி இருக்கான்னும் பாருங்க, சில பெட்டியில மூணு பின் ப்ளக் பேருக்குத்தான் இருக்கும். வீட்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா அணைக்கற ஸ்விட்ச்) இல்லாட்டி அந்த டைமருக்கு முந்தி அதைப் போடுங்க. ஒயர் ப்ளக்குக்குப் போறதுக்கு முந்தி ஒரு வளைவு கீழ தொங்கட்டும், வழியற தண்ணி அங்கயே சொட்டிரும்.

லென்ஸைத் தாராளமா கழட்டலாம், ஒண்ணேகால் அடிக்கு அது தேவையே இல்லை. வெளிச்சம் பரவும், நடுவுல கொளுத்தறதும் குறையும். ஆனா கழட்டினப்புறம் எல்ஈடி மூடியில்லாம நிக்கும். தொட்டிக்கு மேல கண்ணாடி மூடி ஒண்ணு போட்டுக்கோங்க, வாரா வாரம் துடைங்க. அதுல படியற உப்பே வெளிச்சத்துல ஒரு பங்கைத் தின்னுரும்.

வடசென்னை_வாளி
ஞாயித்துக்கிழமை பெட்டியைப் பார்க்கப் போறீங்கன்னா சொல்லுங்க ப்ரோ, நானும் அந்தப் பக்கம்தான் வர்றேன். ஸ்க்ரூட்ரைவர் என்கிட்ட இருக்கு.