அக்ரோபோலிஸில் அம்மா தொட்ட கல்

ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் உச்சி. பார்த்தினன் கோயிலுக்கு முன்னால் கிடந்த ஒரு பளிங்குத் துண்டின்மேல் அம்மா உள்ளங்கையை வைத்தார். உடனே கீச்சென்று ஒரு விசில். காவலுக்கு நின்ற பெண் கையை ஆட்டிக்கொண்டே எங்களிடம் வந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"கோயில் கல்லாச்சேன்னு தொட்டுக் கும்பிட்டேன்" என்றார் அம்மா. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் இளகிவிட்டது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் வரும் இடம், ஆளுக்கு ஒரு தடவை தொட்டாலே கைப் பிசுக்கும் வியர்வையும் கல்லைத் தின்றுவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் அவராகவே ஒரு தூணைக் காட்டி, "நிறத்தைப் பாருங்கள்" என்றார்.

அதுவரை என் கண்ணில் படவே இல்லை. தூணின் பெரும்பகுதி தேன் நிறம். நடுநடுவே மட்டும் பளிச்சென்று வெள்ளைத் துண்டுகள். தேன் நிறம் கி.மு. 447இல் தொடங்கிய கட்டுமானத்தின் கல், வெள்ளை இப்போது பழுதுபார்க்கிறவர்கள் வைத்தது. இரண்டும் நகருக்கு வெளியே இருக்கிற பெந்தெலிக்கோன் மலையில் வெட்டியதுதான். அந்தப் பளிங்கில் கொஞ்சம் இரும்பு கலந்திருப்பதால் காற்றும் மழையும் பட்டுப் பட்டு மெல்ல மஞ்சள் ஏறுகிறது.

உடைந்த பழைய கல்லின் முகத்தை அவர்கள் செதுக்கிச் சமன் செய்வதில்லை. அது எப்படி உடைந்திருக்கிறதோ, அந்த மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி புதுக் கல்லைத்தான் செதுக்கிப் பொருத்துகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பழுதுபார்ப்பில் கற்களை இணைக்கும் இரும்புப் பட்டைகளை அப்படியே உள்ளே வைத்துவிட, அவை துருப்பிடித்து உப்பிக் கல்லையே பிளந்துவிட்டன. கோயிலை முதலில் கட்டிய கொத்தர்களோ இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள்; துரு அண்டவில்லை. இப்போது டைட்டானியம் வைக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகு சாரக்கட்டு படத்தைக் கெடுக்கிறது என்ற என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"இவ்வளவையும் யாருடா இடிச்சது?" என்று அம்மா கேட்டார். கோயிலாக இருந்து, தேவாலயமாகி, பிறகு மசூதியாகி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் முழுசாகவே நின்ற கட்டடம் அது. 1687இல் வெனிஸ் படை குன்றை முற்றுகையிட்டபோது அப்போது ஏதென்ஸை ஆண்ட ஒட்டோமானியத் துருக்கியர்கள் உள்ளே வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பீரங்கிக் குண்டு ஒன்று அதில் போய் விழுந்தது. சொன்னதும் அம்மா வெகுநேரம் பேசவில்லை.

இறங்கும்போது நுழைவாயில் படியில் அம்மாவுக்குச் சறுக்கியது. நல்லவேளை, என் தோளைப் பிடித்துக்கொண்டார். போகிறவர்கள் தயவுசெய்து அடிப்பாகம் பிடிமானமாக இருக்கிற ஷூ போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பளிங்கு கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. காலை 8 மணி நேரச்சீட்டும் எடுத்துவிடுங்கள். கோடையில் வெயில் கடுமையானால் நடுப்பகலில் மூடிவிடுகிறார்கள்.

அடிவாரத்தில் 2009இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. குன்றின்மேல் எரெக்தியோன் கோயிலின் தாழ்வாரத்தைத் தலையில் தாங்கி நிற்கும் ஆறு பெண் சிலைகளும் நகல்கள். அசல் ஐந்தும் கீழே இங்கேதான். கண்ணாடிப் பெட்டி கிடையாது, பின்பக்கம் போய்ப் பார்க்கலாம். அம்மா நேராகப் பின்பக்கம்தான் போனார். "பின்னலைப் பாரு, எவ்வளவு தடி! ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லையே" என்று குரல் எழும்ப வியந்தார். அந்தத் தடித்த பின்னல் வெறும் அழகுக்கு இல்லை. மேலே உள்ள பாரத்தில் கழுத்து ஒடிந்துவிடாமல் இருக்க, பின்னங்கழுத்தோடு கல்லை அப்படித் திரட்சியாக விட்டிருக்கிறார்கள். ஆறாவது பெண் லண்டனில் இருக்கிறாள். அவளுக்கான இடத்தை இங்கே காலியாகவே விட்டிருக்கிறார்கள்.

மேல்தளத்துக்குப் போனதும் காவலர் சொன்ன நிறக் கணக்கு திரும்ப வந்தது. பார்த்தினனைச் சுற்றி 160 மீட்டர் ஓடிய புடைப்புச் சிற்ப வரிசையை அதே திசையில், அதே ஒழுங்கில் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே கோயில். வரிசையில் தேன் நிறக் கல் அசல். வெள்ளையாக இருப்பது சுண்ண வார்ப்பு. பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் பெயர்த்துக்கொண்டு போய், 1816இல் 35,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் அரசு வாங்கியவற்றின் இடம்தான் அதில் பெரும்பாலும். குதிரையின் தலை தேன் நிறம், பக்கத்துப் பலகையில் அதன் உடம்பு வெள்ளை என்றெல்லாம் வரும்போது மனசு தாங்கவில்லை. அவை திரும்பி வரத்தான் வேண்டும் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு. ஒரு முழம்கூட இருக்காது. அமர்ந்திருக்கும் ஒரு தெய்வத்தின் பாதமும், அதன்மேல் விழும் ஆடையின் ஓரமும். இருநூறு ஆண்டுகளாக சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருந்த அதை 2022இல் இத்தாலி திருப்பிக் கொடுத்தது. வாட்டிகனிலிருந்து 2023இல் இன்னும் மூன்று துண்டுகள் வந்தன. அம்மாவிடம் சொன்னேன்.

அவர் குனிந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. "காலாவது வந்து சேர்ந்துச்சே" என்றார்.